சனியைத் தடுக்கும் இரண்டு தூண்கள்

ஏழு கிரகங்கள் ஒரே கோட்டில் வரப்போகின்றன என்ற தகவல் எங்கள் கம்பெனிக்கு எம்.டி.யின் மனைவி மூலமாக, வாட்ஸ்அப்பில் வந்தது. அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பதினோரு நிமிடத்தில் சுற்றறிக்கையாக மாற்றி, நம்பர் போட்டு, சீல் குத்தி, பதினெட்டு டிபார்ட்மென்டுக்கும் அனுப்பியது நான்தான்.

என் பெயர் சுமலதா. ஓசூரில், கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் தகட்டுச் சாமான் அடித்துத் தரும் ஒரு தொழிற்சாலையில் டாக்குமென்ட் கன்ட்ரோலர். கம்பெனியின் பெயர் வேண்டாம், சொன்னால் அதற்கும் ஒரு ஃபார்ம் நிரப்பச் சொல்வார்கள். மொத்தம் அறுநூற்றுப் பதினான்கு பேர் வேலை செய்கிறோம். இவர்களில் யாருக்கு எந்தக் காகிதம் போக வேண்டும், எத்தனை காப்பி போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கள் கம்பெனியில் எல்லாரும் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார்கள். ஒருவரும் படிக்க மாட்டார்கள். இந்த ஒழுக்கத்துக்காகவே எங்களுக்கு இரண்டு தரச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

சுற்றறிக்கை போன அன்று, பிரஸ் ஷாப்பில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சென்சார் செத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பிரஸ் என்றால் மேலிருந்து இறங்கித் தகட்டை நசுக்கி உருவம் கொடுக்கிற எந்திரம். அதன் இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள் நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடும். நடுவில் கை போனால் ஒளி மறைக்கப்பட்டு, பிரஸ் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சென்சார் செத்துவிட்டால் பிரஸ் ஓடவே ஓடாது. ஆகவே ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒரு சாண் ஒயரை எடுத்து இரண்டு முனைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த பிரஸ்ஸுக்குக் கண் தெரியாது. தெரிவதாக அது நினைத்துக்கொண்டு நிமிடத்துக்கு இருபத்திரண்டு அடி அடித்துக்கொண்டிருந்தது.

அதில் உட்கார்ந்து வேலை செய்தவள் முனிலட்சுமி. மெயின்டனன்ஸ் ஃபிட்டர் திம்மப்பனின் கொழுந்தியா. வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து அவளைக் கூட்டிவந்து கான்ட்ராக்டரிடம் பேசி வேலைக்குச் சேர்த்துவிட்டவரே திம்மப்பன்தான். பத்து விரலோடு உள்ளே அனுப்பினோம், பத்தோடு வெளியே வர வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு கவலை கிடையாது. பத்தொன்பது வருடம் சர்வீஸ். கோபம் வந்தால்கூட ஸ்பேனரைத் துடைத்துவிட்டுத்தான் கோபப்படுவார்.

புது சென்சார் கேட்டு அவர் மூன்று முறை எழுதினார். முதல் முறை, மஞ்சள் ஃபார்மில் எழுதியதால் திரும்பி வந்தது, நீல ஃபார்மில்தான் எழுத வேண்டுமாம். இரண்டாவது முறை, 'சென்சார் இல்லாமலேயே எந்திரம் நன்றாக ஓடும்போது சென்சாரின் அவசியம் என்ன? விளக்கவும்' என்று வந்தது. மூன்றாவது முறை, 'விபத்து நடந்ததற்கான ஆதாரத்தை இணைக்கவும்' என்று வந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா சுமலதா, ஆதாரம்னு போட்டிருக்காங்கோ. என்னாத்த கேக்கறாங்கோ? வெரலையா?"

"அப்படித்தான் தெரியுதுண்ணா."

"பின் அடிச்சு அனுப்பணுமா, கவர்ல போட்டு அனுப்பணுமா, அதையும் கேட்டுச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைத்தார்.

பாதுகாப்புக் குழுவின் அவசரக் கூட்டம் அடுத்த நாள் நடந்தது. பிளான்ட் ஹெட் கமலக்கண்ணன் தலைமை தாங்கினார். சேஃப்டி ஆபீசர் ஹரீஷ்குமார் பக்கத்தில் உட்கார்ந்தார். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஆச்சார்யா சந்தோஷ் என்ற காஸ்மிக் கன்சல்டன்ட் வரவழைக்கப்பட்டிருந்தார். போன வருடம் எங்கள் ஸ்கிராப் யார்டு ஈசானிய மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்துக்கு மாற்றிய புண்ணியவான் இவர்தான். தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் செல்லும் என்பதால், வழியில் ஏணியோடு போய்க்கொண்டிருந்த திம்மப்பனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் மினிட்ஸ் எழுதினேன்.

கமலக்கண்ணன் பேசினார்.

"நண்பர்களே, பிப்ரவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு கிரகமும் நேர்க்கோட்டுல வருது. அன்னைக்குத்தான் மாசக் கடைசி டிஸ்பாட்ச்சும் வருது. இது ரெண்டும் ஒரே நாள்ல வர்றது தற்செயல்னு நான் நினைக்கல. கிரகம் நம்ம கன்ட்ரோல்ல இல்ல. டிஸ்பாட்ச் நம்ம கன்ட்ரோல்ல இருக்கு. அதனால கிரகத்தோட தாக்கம் டிஸ்பாட்ச் மேல படாம, மத்த விஷயங்கள் மேல மட்டும் படற மாதிரி நாம பிளான் பண்ணணும்."

ஆச்சார்யா தலையாட்டினார். "நோடி சார், பாருங்க, ஏழு பேரும் வரிசையா நின்னா ஏழு பேரோட இழுப்பும் சேர்ந்து ஒரே பக்கமா இழுக்கும். கையில இருக்கிறது நழுவும். கால் வழுக்கும். கவனம் சிதறும். அந்த நேரத்துல என்ன நடந்தாலும் அது மனுஷத் தப்பு அல்ல. மேனேஜ்மென்ட் தப்பு அல்லவே அல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் ஹரீஷ்குமாரின் முகம் மலர்ந்தது. அதை அடிக்கோடிட்டு எழுதும்படி எனக்குச் சைகை காட்டினார்.

திம்மப்பன் கையைத் தூக்கினார். "சார், நான் ஒண்ணு சொல்றன். எங்க பொண்ணு ராயக்கோட்டை கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கறா. அங்க டெலஸ்கோப் வெச்சுக் காட்டனப்ப வாத்தியார் சொன்னாரு. அதுங்க எதுவும் கோட்டுல நிக்கலையாம்."

"அப்புறம்?"

"நம்ம பெங்களூர் ரோட்டுல வண்டி போற மாதிரிங்க சார். ராயக்கோட்டையில இருந்து ஒரு தக்காளி வண்டி அத்திப்பள்ளியில போவும். இன்னொண்ணு சூளகிரியிலயே நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல அவ்ளோ தூரம். ரோடு ஒண்ணுங்கறதால மேம்பாலத்துல நின்னு பாத்தா வரிசையா தெரியும். ரோடு எப்பவுமே ஒண்ணுதான், அதனால அதுங்க எப்பவுமே அந்த வரிசையிலதான் தெரியும். இப்ப என்னா விசேஷம்னா, நாலஞ்சு வண்டி ஒரே சமயத்துல நம்ம கண்ணுக்கு எட்டற பக்கம் வந்திருக்குது. அவ்ளோதான். இழுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாக்க நல்லா இருக்கும், பாத்துட்டுப் போய் தூங்கலாம்னாரு."

ஹரீஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். திம்மப்பன் விடவில்லை.

"அதனால சார், கிரகத்துக்குப் பண்ற செலவுல ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒரு சென்சார்..."

"திம்மப்பன்" என்றார் கமலக்கண்ணன் மிகுந்த பொறுமையோடு. "இங்க பாதுகாப்பைப் பத்திப் பேசிட்டு இருக்கோம். நடுவுல மெயின்டனன்ஸ் விஷயத்தைக் கொண்டுவராதீங்க."

மினிட்ஸில் நான் இப்படி எழுதினேன்: 'உறுப்பினர் திம்மப்பன் சாலைப் போக்குவரத்து குறித்துக் கருத்துத் தெரிவித்தார். குறித்துக்கொள்ளப்பட்டது.' அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சம்பளம் வாங்குகிறேன் அல்லவா?

மறுநாளிலிருந்து எங்கள் தொழிற்சாலைக்குப் பைத்தியம் பிடித்தது. பிடித்ததற்கு எல்லாம் முறையான நம்பர் உண்டு.

ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு கிரகம் ஒதுக்கப்பட்டது. ஃபைனான்ஸ் வியாழனை எடுத்துக்கொண்டது. மனிதவளத் துறை வெள்ளியைக் கேட்டு வாங்கியது. பெயின்ட் ஷாப்பில் எப்போதும் தீப்பிடிக்கும் என்பதால் செவ்வாய் அங்கே போனது. யுரேனஸும் நெப்டியூனும் கண்ணுக்குத் தெரியாதவை, அவற்றைக் கான்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குக் கொடுத்தார்கள். சனியை ஒருவரும் தொடவில்லை. கடைசியில் மெயின்டனன்ஸ் தலையில் கட்டினார்கள். திம்மப்பன் 'சனி மானிட்டர்' என்று எழுதிய கறுப்பு பேட்ஜைக் குத்திக்கொண்டு ஏணி மேல் ஏறினார். கான்டீனில் அவர் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை.

பிறகு, கம்பெனி வளாகத்தில் மூன்று பேர் நேர்க்கோட்டில் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. கீழே வரிசை உண்டானால் மேலே உள்ள வரிசை அதைப் பார்த்து வலுப்படும் என்று ஆச்சார்யா சொல்லியிருந்தார். பஞ்சிங் மெஷின் முன்னால் இருநூறு பேர் கோணல் மாணலாக நின்றார்கள். நேராக நின்றவர்களுக்கு மெமோ கொடுத்தார்கள். கான்டீனில் யாருக்கு அடுத்து யார் என்று தெரியாமல் சாம்பார் வாளியைச் சுற்றிக் கைகலப்பு ஏற்பட்டது. அதையும் கிரகத்தின் முன்னோட்டத் தாக்கம் என்று ஹரீஷ்குமார் பதிவு செய்துகொண்டார். கேட்டுக்கு வெளியே லாரிகளைச் சாய்வாக நிறுத்தச் சொன்னதில் ரோடு அடைபட்டு, பக்கத்துக் கம்பெனிக்காரன் வந்து கன்னடத்தில் திட்டிவிட்டுப் போனான். பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு பிரஸ்களும் நேர் வரிசையில் இருப்பதைப் பார்த்த ஆச்சார்யாவுக்கு மூச்சு நின்றது. அவற்றை நகர்த்த முடியாது என்பதால் ஒவ்வொன்றிலும் ஓர் எலுமிச்சம்பழம் கட்டப்பட்டது. ஏழாம் நம்பரில், சென்சார் இருந்த இடத்தில் ஆணி வசதியாக இருந்ததால் அங்கேயே கட்டினார்கள்.

"மாமா, சென்சார் கேட்டியே, குடுத்துட்டாங்க பாரு" என்றாள் முனிலட்சுமி. "ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்."

"வாயை மூடிகினு கையைப் பாத்து வேலை செய்" என்றார் திம்மப்பன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம்தான் ஹரீஷ்குமார் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபார்ம் டைப் செய்யச் சொன்னார். இருபத்தெட்டாம் தேதிக்கான விபத்து அறிக்கை. தேதி இருபதுதான் ஆகியிருந்தது.

"சார், இன்னும் நடக்கவே இல்லையே?"

"நடந்தப்புறம் டென்ஷன்ல தப்புத் தப்பா எழுதுவோம், சுமலதா. முன்னாடியே ரெடி பண்ணி வெச்சா அதான் புரொஃபஷனல்."

டைப் செய்தேன். 'நாள்: 28 பிப்ரவரி. இடம்: பிரஸ் ஷாப், எந்திரம் எண் 7. காரணம்: கிரகங்களின் நேர்க்கோட்டு நிலை. நிர்வாகத்தின் குறைபாடு: ஏதுமில்லை. தொழிலாளியின் பெயர்: ______. இழந்த விரல்களின் எண்ணிக்கை: ______.' அந்த இரண்டு கோடுகளையும் போடும்போது என் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. எந்திரம் எண் ஏழு என்பது வரைக்கும் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதே! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். நம்பர் போட்டு ஃபைலில் வைத்தேன்.

ஆனால் அன்று மத்தியானம் எனக்கு ஒரு புத்தி வந்தது. கிரக முன்னெச்சரிக்கைப் பொருள்களுக்கு என்று தனி ஃபார்ம் இருந்தது. அதில் கேட்பது எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் பர்ச்சேஸ் அனுமதி கொடுத்துவிட வேண்டும் என்று எம்.டி.யின் உத்தரவு. பூசணிக்காய் நாற்பது கேட்டால் நாற்பது வந்தது. திம்மப்பனின் நீல ஃபார்மை எடுத்தேன். சென்சாரின் மாடல் நம்பரை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, பொருளின் விவரத்தில் 'சனியின் ஒளியைத் தடுக்கும் தூண்கள், இரண்டு, மஞ்சள் நிறம்' என்று டைப் செய்து அனுப்பினேன். நாற்பது நிமிடத்தில் அனுமதி வந்தது. மறுநாள் பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியே வந்து சேர்ந்தது.

திம்மப்பன் பெட்டியைத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். "நல்லா இருப்ப தாயி" என்றார்.

என் கெட்டிக்காரத்தனம் ஒரு மணி நேரம் நீடித்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விவரத்தை, எங்கள் கம்பெனி வரலாற்றில் முதல் முறையாக, ஒருவர் படித்துவிட்டார். படித்தவர் கமலக்கண்ணன். சனியின் ஒளியைத் தடுக்கும் தூண்களைப் பிரஸ் ஷாப்பில் வைப்பதா? யாருக்கு அது தேவை? சாயங்காலத்துக்குள் அவை எம்.டி. கேபினின் வாசலில் இரண்டு பக்கமும் பொருத்தப்பட்டு, சந்தனம், குங்குமம் வைக்கப்பட்டன. எம்.டி. உள்ளே போகும்போதும் வரும்போதும் சிவப்பு விளக்கு எரிந்தது. சனி தடுக்கப்படுகிறது என்று ஆச்சார்யா விளக்கினார். எம்.டி.க்குப் பிடித்துப்போனது. காரணமே இல்லாமல் நாலு தடவை போய்ப்போய் வந்தார்.

பொருத்தியவர் திம்மப்பன்தான். பொருத்திவிட்டு ஸ்பேனரைத் துடைத்தார். நான்தான் கழிவறைக்குள் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிரஸ் ஷாப்பில் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவர்களை இரவு எட்டு வரைக்கும் எழுந்திருக்க விடவில்லை. மாசக் கடைசி. மேலே தகரக் கூரை இருப்பதால் அவர்களுக்குக் கிரகத்தின் தாக்கம் இல்லை என்று சுற்றறிக்கை சொன்னது. கூரை இல்லாத ஆபீஸ் மொட்டை மாடியில் எம்.டி., கமலக்கண்ணன், ஹரீஷ்குமார், மேனேஜர்கள் எல்லாரும் வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முந்திரி பக்கோடா தட்டோடு ஆபத்தை எதிர்கொண்டார்கள். நான் மினிட்ஸ் எழுதப் போனேன்.

சூரியன் இறங்கி வானம் கறுத்தது. மேற்கே வெள்ளி பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே, அடிவானத்தை ஒட்டிப் புதன் மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மேலே வியாழன் நின்றது. கிழக்கே செவ்வாய் சிவந்திருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே அவ்வளவு வானம் காலியாகக் கிடந்தது. உண்மையைச் சொன்னால், அழகாக இருந்தது. திம்மப்பன் சொன்னதுபோலப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

எம்.டி. கழுத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கோடு எங்க?"

ஆச்சார்யா பாக்கெட்டிலிருந்து பச்சை லேசர் பேனாவை எடுத்து, மேற்கிலிருந்து உச்சி வழியாகக் கிழக்கு வரைக்கும் இழுத்தார். "கோடு நாமதான் போடணும் சார்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

"சனி எங்க?"

"சனி சூரியன்கூடவே எறங்கிடுச்சு சார். கண்ணுக்குத் தெரியாது. அதான் ஆபத்து."

இவர்கள் இப்படி வானத்தைக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், திம்மப்பன் ஆளில்லாத எம்.டி. கேபினுக்குப் போயிருக்கிறார். நான்கு போல்டுகளைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, தூண்களைக் கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு செக்யூரிட்டிக்கு முன்னாலேயே நடந்து போயிருக்கிறார். சனி சம்பந்தப்பட்ட பொருள்களை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு இருந்ததால் செக்யூரிட்டி தடுக்கவில்லை. பிரஸ் ஷாப்பில் எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒயரை வெட்டிவிட்டு, தூண்களை மாட்டிப் பச்சை விளக்கு எரிய வைத்துவிட்டுத்தான் எழுந்தாராம். ஷிஃப்ட் இன்சார்ஜ் குதித்ததற்கு, "சனி மானிட்டர் நான்தான். எனக்கு அதிகாரம் இருக்குது" என்று பேட்ஜைக் காட்டியிருக்கிறார்.

ஏழு மணி பத்து நிமிடத்துக்கு ஏழாம் நம்பரின் அச்சில் ஒரு தகடு சிக்கியது. பதின்மூன்று மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்த முனிலட்சுமி அதை இழுக்க வலது கையை உள்ளே விட்டாள். அதற்கு ஒரு நொடி முன்னாலேயே மரத்துப்போயிருந்த கால் பெடலை அழுத்திவிட்டிருந்தது. பிரஸ் இறங்கியது. இறங்கி, அவள் கைக்கு மேலே ஒரு தீப்பெட்டி உயரத்தில் நின்றது.

அவள் கத்தக்கூட இல்லையாம். கையை வெளியே எடுத்து, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

திங்கட்கிழமை ஆச்சார்யா சந்தோஷுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கிரகங்கள் நேர்க்கோட்டில் வந்த நாளில் ஒரு விபத்துகூட நடக்காமல் காத்ததற்காக. தூண்கள் மறுபடியும் எம்.டி. கேபினுக்குப் போயிருந்தன. ஏழாம் நம்பரில் புது ஒயரும், புது எலுமிச்சம்பழமும் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை இரவு தூண்கள் இல்லாத கேபினில் எம்.டி. இருந்த நாற்பது நிமிடமும் சனி அவர் மேல் நேரடியாகப் பட்டிருக்கிறது என்பதால் திம்மப்பனுக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள்.

புதன்கிழமை விசாரணை. கமலக்கண்ணன் விசாரித்தார், ஹரீஷ்குமார் ஃபைலோடு இருந்தார், நான் எழுதினேன். முனிலட்சுமியைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எந்திரத்தை அனுமதி இல்லாம நிறுத்த வெச்சீங்க. மாசக் கடைசி டிஸ்பாட்ச்ல ஆயிரத்து நூற்று நாற்பது பீஸ் குறைஞ்சிருக்கு. ஒத்துக்கறீங்களா?"

"கை தப்பிச்சுது சார்" என்றார் திம்மப்பன்.

"எந்தக் கை?"

"எங்க முனி கை."

கமலக்கண்ணன் ஹரீஷ்குமாரைப் பார்த்தார். ஹரீஷ்குமார் ஃபைலைப் புரட்டினார். "கை தப்பிச்சதுக்கு ரெக்கார்டு இல்ல சார். நடக்காத விபத்துக்கு நம்மகிட்ட ஃபார்ம் கிடையாது."

"பாருங்க திம்மப்பன். நான் உங்களை நம்பறேன். ஆனா ஃபார்ம் இல்லாத ஒரு விஷயத்தை கம்பெனி எப்படி நம்பும்? பீஸ் குறைஞ்சதுக்கு ஃபார்ம் இருக்கு. எம்.டி. மேல சனி பட்டதுக்கு ஃபார்ம் இருக்கு. நான் எந்தப் பக்கம் நிக்க முடியும், நீங்களே சொல்லுங்க."

அப்போது முனிலட்சுமி முன்னால் வந்தாள். இரண்டு கைகளையும் மேசையின் மேல், அவர்களுடைய காகிதங்களின் மேலேயே விரித்து வைத்தாள். நகத்தில் எண்ணெய்க் கறுப்பு ஏறியிருந்தது.

"சார், பத்து இருக்குது. எண்ணிக்கோங்க. நாளைக் காலை ஷிஃப்டுக்கு மறுபடியும் ஏழாம் நம்பர்லதான் போட்டிருக்கீங்க, ஒயரைக் கட்டிட்டு. இதுல ஒண்ணு போச்சுன்னா, அது எந்தக் கிரகம் எடுத்துகினு போச்சுன்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க. அப்புறம் உங்களைத் தேடிகினு வந்து கேக்க மாட்டன்."

"முனி, சும்மா இரு" என்றார் திம்மப்பன்.

"நீ சும்மா இரு மாமா. அவங்க சொல்லட்டும்."

வேறு யாராக இருந்தாலும் தலை குனிந்திருப்பார்கள். ஹரீஷ்குமாருக்கு முகம் பளிச்சென்று ஆனது. அவருடைய தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தொழிலாளி அவர் முன்யோசனையைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். ஃபைலிலிருந்து அந்தக் காகிதத்தை உருவி, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அதெல்லாம் எப்பவோ ரெடி பண்ணி வெச்சிருக்கோம்மா! தேதியை மட்டும் மாத்தினாப் போதும். பாரு, காரணம் எழுதியாச்சு. மேனேஜ்மென்ட் மேல தப்பு இல்லன்னு எழுதியாச்சு. உன் பேரும் எண்ணிக்கையும்தான் பாக்கி."

"வெரி குட்" என்றார் கமலக்கண்ணன். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

முனிலட்சுமி அந்தக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு கைகளை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். திம்மப்பன் எழுந்து நின்று, கறுப்பு பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். வேலை நீக்க உத்தரவு மாலையில் அவர் பின்னாலேயே போனது. டைப் செய்தது நான்தான்.

அதை டைப் செய்து முடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்த விபத்து அறிக்கையை எடுத்தேன். கமலக்கண்ணனிடம் விநியோகப் பட்டியலை நீட்டினேன். அவர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பட்டியலில் 'அனைவரும்' என்று இருந்தது. எத்தனை காப்பி போக வேண்டும் என்று பார்த்துக்கொள்வது என் வேலை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? அறுநூற்றுப் பதினான்கு எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சீல் குத்தினேன்.

வியாழக்கிழமை காலை பஞ்சிங் மெஷின் முன்னால் கோணல் மாணலாக நின்ற எல்லாருடைய கையிலும் அது இருந்தது. அன்றைக்கு எல்லாரும் படித்தார்கள். பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு பிரஸ்களுக்கு முன்னாலும் பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். யாரும் தகட்டைத் தொடவில்லை. காகிதத்தை ஷிஃப்ட் இன்சார்ஜிடம் நீட்டி, "பேரை எழுதுங்க சார், எண்ணிக்கையையும் எழுதுங்க, அப்புறம் ஓட்டறம்" என்றார்கள். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். பத்து மணிக்குக் கமலக்கண்ணன் வந்து கிரகங்கள் விலகிப்போய்விட்டதாக உறுதி கொடுத்தார். "அப்போ பத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றாள் முனிலட்சுமி. அவர் போடவில்லை. வாழ்க்கையில் அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாத முதல் காகிதம் அதுதான். கேட்டில் பெங்களூர் லாரி சாய்வாக நின்றுகொண்டே இருந்தது.

இரண்டு மணிக்கு எம்.டி. கேபினிலிருந்து தூண்களைக் கழற்றினார்கள். ஹரீஷ்குமார் மாட்டிப் பார்த்தார், சிவப்பு எரிந்தது. ஷிஃப்ட் இன்சார்ஜ் மாட்டினார், சிவப்பு. இரண்டு தூணும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஒளி போய்ச் சேராது. அதைச் சரியாக நிறுத்தத் தெரிந்த ஒரே ஆளை முந்தின நாள்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள்.

திம்மப்பனுக்குப் போன் போனது. வந்தார். வேலையில் இல்லாததால் கேட்டில் விசிட்டர் பாஸ் கொடுத்தார்கள். கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு பிரஸ் ஷாப்புக்குள் நடந்தார். முன்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், ஸ்டூல் போட்டு மேலே ஏறிப் பார்த்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம் பார்ப்பீங்க? நேராத்தானே இருக்கு?" என்றார் கமலக்கண்ணன்.

"ஒரு எடத்துல நின்னு பாத்தா எல்லாமே நேராத்தான் தெரியும் சார்" என்றார் திம்மப்பன். ஒரு போல்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, தூணைச் சுண்டுவிரலால் தள்ளி, இறுக்கினார். பச்சை எரிந்தது. முனிலட்சுமியைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டுத் தன் கையையே உள்ளே நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். பிரஸ் அசையவில்லை.

மற்ற பதினொன்றிலும் சென்சாரைச் சோதித்துவிட்டுத்தான் போனார். வேலை திரும்பக் கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எம்.டி. மேல் சனி பட்ட விஷயம் நிலுவையில் இருக்கிறதாம்.

கேட்டில் விசிட்டர் நோட்டை நீட்டினார்கள். அதில் 'உள்ளே விட்டுச்செல்லும் பொருள்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. திம்மப்பன் பேனாவை வாங்கி, பொறுமையாக, தெளிவான எழுத்தில், 'விரல், பத்து' என்று எழுதினார்.

செக்யூரிட்டி அதைப் படிக்காமல் சீல் குத்தினான்.